சீட் அக்கா வாங்கிய பச்சைக் கார்

சீட் அக்கா தன் வாழ்நாளில் பாதியைக் கார்களுக்குள்தான் கழித்திருக்கிறாள். ஆனால் அவள் உட்கார்ந்திருந்தபோது அவற்றில் ஒன்றுகூட ஓடியதில்லை.

காருக்கு சீட் தைப்பது அவள் தொழில். துறைமுகத்துக்குப் பின்னால் போகும் தெருவில், டயர் கடைக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் நடுவில் அவள் கடை. தகரக் கூரை, அகலமான மேசை, நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாத ஒரு தையல் மெஷின், சுவரோரம் சுருட்டி நிறுத்திய ரெக்ஸின். வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவள் உள்ளே ஏறி உட்கார்ந்து, முதுகு எங்கே அழுந்துகிறது, தொடை எங்கே உரசுகிறது என்று பார்த்து அளவெடுப்பாள். பிறகு இறங்கிவிடுவாள். வண்டி புது சீட்டோடு பளபளவென்று கிளம்பிப் போகும். ஊரில் பாதிப் பேர் அவள் தைத்த சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகிறார்கள். அவள் மட்டும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

சீட்டைக் கழற்றுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. சாய்கிற பலகையும் உட்காருகிற பலகையும் சேருமிடத்தில் ஓர் இடுக்கு இருக்கும். எல்லாருக்கும் தெரிந்த இடுக்கு அது. அதற்கும் அடியில், துணியை இழுத்துக் கட்டிய கம்பிக்குப் பின்னால், இன்னோர் இடுக்கு இருக்கிறது. அதில் விழுந்தது விழுந்ததுதான். பேனா, சீப்பு, ஒற்றைத் தோடு, பிள்ளைகளின் பால் பல், யாரோ எப்போதோ கடித்து வைத்த பிஸ்கட், எல்லாம் அங்கே குடியிருக்கும். சீட் அக்கா அவற்றை எடுத்து, மிச்சத் துணியில் தைத்த ஒரு சின்னப் பையில் போட்டு, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவாள். வேலை முடிந்த பிறகு கொடுப்பதில்லை. அது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்த வழக்கத்தால் அவள் நஷ்டப்பட்டதும் உண்டு. ஒரு முறை ஒருவர் எல்லா சீட்டையும் மாற்ற வந்தார். இடுக்கிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஒரு குழந்தையின் காலுறை கிடைத்தது. அதைக் கையில் வாங்கிய மனுஷன் விரலில் மாட்டிப் பார்த்தார். பிறகு, "பழைய சீட்டே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கென்று வாங்கி வைத்த துணி வீண். தொலைந்த பொருள் திரும்பி வந்தால் மனுஷனுக்குப் பழசைக் கைவிட மனசு வராது என்று சீட் அக்கா அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஓர் ஆசை முளைத்தது. ஓடுகிற வண்டியில், அதுவும் ஸ்டியரிங்குக்குப் பின்னால், தான் உட்கார வேண்டும். யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் வகுப்பில் சேர்ந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அதைப் புருஷனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். போட்டோவில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான் ஓட்டப் போறியா?" என்றார் அவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போகிற வண்டிதான் அவருக்குத் தெரியும். முன்னால் போகிறது எதைப் பார்த்தாலும் பயம். ஆனாலும் பெண்டாட்டி ஒன்றை நினைத்துவிட்டால் குறுக்கே நிற்கக் கூடாது என்கிற அளவுக்கு விவரமானவர். எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரும் அவளோடு பழைய கார் பார்க்கக் கிளம்பினார்.

கடலோர ஊரில் பழைய கார் வாங்குவதைப் போல ஒரு தலைவலி கிடையாது. மேலே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி மினுக்கும்; குனிந்து பார்த்தால் அடிப்பாகம் அப்பளமாகியிருக்கும். உப்புக் காற்று கதவின் கீழ் ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கும். ஒரு வண்டியில் காலடி விரிப்பை நீக்கிப் பார்த்தால் தெருவே தெரிந்தது. "காத்தோட்டமா இருக்கும்கா" என்றார் தரகர். அவர் கூச்சமே இல்லாத ஆள்.

துருவைப் புருஷன் பார்த்துக்கொண்டார். சீட் அக்கா பார்த்தது இடுக்கை. எஞ்சினைத் திறந்து காட்டினால் சும்மா தலையாட்டுவாள். பிறகு பின்சீட்டில் ஏறி, கோழி எங்கே முட்டையிட்டிருக்கிறது என்று வைக்கோலில் துழாவுகிறவளைப் போல இடுக்கில் கையை நுழைப்பாள். ஒரு வண்டியில் கை நிறையக் கடல் மணல் வந்தது. அந்த வண்டி ஒரு நாளாவது வெள்ளத்தில் நின்றிருக்கும், அதனால் வேண்டாம் என்றாள். இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, ஒரு நூல்கூட இல்லை.

"சுத்தமா வச்சிருக்காங்கக்கா!" என்று தரகர் பூரித்தார்.

"மனுஷங்க உட்கார்ந்த வண்டியில ஒண்ணும் விழாம இருக்குமா? எதையோ மறைக்கத்தான் இப்படித் துடைச்சிருக்காங்க. வேண்டாம்."

இப்படியே வாரங்கள் ஓடின. தரகர் இளைத்துப்போனார். ஊரில் இருக்கிற பழைய கார்களையெல்லாம் இந்த அம்மா கையை விட்டே கழித்துக்கட்டிவிடுவாள் போலிருக்கிறதே என்று மூக்கால் அழுதார். கடைசியில் ஒரு ஞாயிறு காலை போன் செய்தார். "அக்கா, ஒரு வண்டி இருக்கு. இதுவும் வேண்டாம்னா நான் மீன் விக்கப் போறேன்."

ரிட்டையரான ஒரு நீச்சல் மாஸ்டரின் வண்டி அது. சின்னது, பட்டாணிப் பச்சை நிறம். சீட் அக்கா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வீட்டுக்குப் பக்கவாட்டில், கூரைக்கடியில், ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர் கையில் தண்ணீர்க் குழாய்.

"ஓடிட்டு வந்தா குளிப்பாட்டணும், நிறுத்தி வச்சாலும் குளிப்பாட்டணும்" என்றார் மாஸ்டர். "நீச்சல்குளத்துல பிள்ளைங்களுக்கு என்ன சட்டமோ அதுதான் இதுக்கும். உப்பை உடம்புல வச்சுக்கிட்டுத் தூங்கக் கூடாது."

லிஃப்ட் மெக்கானிக் தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார். எழுந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. "துரு இல்ல" என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

மாஸ்டருக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே வந்தது. இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் விற்கிறார். விலையில் பேரம் பேச ஒன்றுமே இல்லை. தரகர் வாயைத் திறக்கும் முன்பே படிந்துவிட்டது. அவர் மனைவி, மாஸ்டரம்மா, எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார்.

சீட் அக்காவுக்கு மாஸ்டரின் தலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பொட்டல். காதுக்கு மேலே படிக்கட்டு.

"அதை ஏன் கேக்கறே" என்றார் மாஸ்டரம்மா, அவள் எதுவும் கேட்காமலே. "நான்தான் வெட்டி விடறேன். என் தம்பி கடற்கரை ரோட்டுல சலூன் வச்சிருக்கான். தங்கமான கை. ஆனா இவர் அவனோட பேசறதில்ல."

"பேச என்ன இருக்கு? விசிலைத் திருடினவன்கிட்ட?" என்றார் மாஸ்டர்.

விஷயம் இதுதான். மாஸ்டரிடம் ஒரு பித்தளை விசில் இருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதை ஊதித்தான் ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தார். ரிட்டையரான பிறகும் ஊதுவதை நிறுத்தவில்லை; டீ ஆறிவிட்டது என்பதற்குக்கூட ஊதுவார். ஒரு நாள் இதே காரில் போகும்போது, பக்கத்தில் இருந்த மச்சினர், "மாமா, ஒரு நாள் இல்ல ஒரு நாள் இந்த விசிலைக் கடல்ல வீசிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே விசில் காணாமல்போனது. அப்புறம் என்ன? வருஷக்கணக்கில் பேச்சு வார்த்தை கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டது மாஸ்டரின் தலைமுடிதான்.

டீயைக் குடித்துவிட்டு சீட் அக்கா வண்டிக்குள் ஏறினாள். வாங்குவது என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? பின்சீட்டில் ஒரு சோழி, ஒரு ஊக்கு, வேர்க்கடலைத் தோல். நல்ல குடும்பம். பக்கத்து சீட்டில் ஒரு பஸ் டிக்கெட். கடைசியாக டிரைவர் சீட். மேல் இடுக்கில் ஒன்றுமில்லை. கம்பிக்குப் பின்னால் விரலை வளைத்து விட்டாள். ஜில்லென்று, உருண்டையாக, ஒரு பக்கம் தட்டையாக ஏதோ தட்டுப்பட்டது.

எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மெல்ல உருவி எடுத்தாள்.

கதவோரம் நின்ற தரகர் அவள் கைக்குள் பித்தளை மின்னுவதைப் பார்த்துவிட்டார். சட்டென்று குனிந்து கிசுகிசுத்தார். "அக்கா, அப்படியே பையில போடுங்க. சாவி கைக்கு வரட்டும், அப்புறம் குடுங்க. இப்பக் குடுத்தீங்க, கிழவர் வண்டியைக் கட்டிப் பிடிச்சுக்குவாரு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சாயங்காலம் கொடுத்தாலும் விசில் விசில்தான். அவளுக்கு அந்தக் காலுறைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். இப்படியொரு வண்டி இந்த ஊரில் இன்னொன்று கிடைக்காது. ஸ்டியரிங்கின் மேல் இடது கை இருந்தது. அந்தச் சக்கரம் அவளுக்கென்றே அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், விசிலைப் பைக்குள் போடத்தான் போனாள்.

பிறகு தன்மேலேயே வந்த கோபத்தோடு இறங்கிப் போய் மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சீட்டுக்குள்ள இருந்துச்சுங்க. டிரைவர் சீட்டு. உங்க பாக்கெட்லேருந்துதான் விழுந்திருக்கணும்."

மாஸ்டர் விசிலைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். மாஸ்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தரகர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி விக்கறதா இல்ல" என்றார் மாஸ்டர்.

சீட் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெரிந்தேதான் கொடுத்தாள், இருந்தாலும் வலிக்காமல் போகுமா? "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"இதுலதான் அவனைத் திருடன்னு சொன்னேன். இதுலயே போய்த்தான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இப்பவே போகணும்" என்று மாஸ்டர் சாவியை எடுத்தார்.

"போவீங்க, போவீங்க! எதிர்ல வர்றது பஸ்ஸா மாடான்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று மாஸ்டரம்மா சாவியைப் பிடுங்கினார். பிறகு சீட் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, நீ ஓட்டுவியா?"

லைசென்ஸ் வாங்கிய பிறகு அவள் எந்த வண்டியையும் ஓட்டியதே இல்லை. கடற்கரை ரோட்டில் ஓட்டியதாகக் கனவுகூடக் கண்டதில்லை. "ஓட்டுவேன்" என்றாள். புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

வண்டி கேட்டைத் தாண்டும்போது இரண்டு குதி குதித்தது. பக்கத்தில் மாஸ்டர், பின்னால் மாஸ்டரம்மாவும் லிஃப்ட் மெக்கானிக்கும். மெக்கானிக் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரால் சும்மா இருக்க முடியுமா? விசிலை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு ஊது ஊதினால் கிளட்ச். இரண்டு ஊதினால் பிரேக். நீளமாக ஊதினால், "பயப்படாம போ" என்று அர்த்தம் என்பதை அவளே புரிந்துகொண்டாள். ரவுண்டானாவில் ஒரு சுற்று போதும். அவள் வெளியே வர வழி தெரியாமல் மூன்று சுற்று சுற்றினாள். மாஸ்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைங்களுக்குக் காசு குடுத்தாக்கூட இப்படி ராட்டினம் கிடைக்காது!"

சலூனில் மச்சினர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். மாஸ்டர் உள்ளே நுழைந்து விசிலை நீட்டினார். மற்றவர்களும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

"சீட்டுக்குள்ள இருந்திருக்கு மச்சான்."

மச்சினர் விசிலைப் பார்க்கவே இல்லை. மாஸ்டரின் தலையைத்தான் பார்த்தார். கத்தி அந்தரத்தில் நின்றது.

"அக்கா, இது யார் பண்ணின வேலை?"

"நான்தான்டா" என்றார் மாஸ்டரம்மா.

"ரெண்டு ஆட்டை மேய விட்டிருக்கலாமே! மாமா, மொதல்ல உட்காருங்க."

ஒரு கன்னத்தில் நுரையோடு இருந்த வாடிக்கையாளர் தானாகவே எழுந்து இடம் கொடுத்தார். இந்தக் கூத்தை விட்டுவிட்டு அவருக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைத் துணி கழுத்தைச் சுற்றியது. கத்தரிக்கோல் பேசத் தொடங்கியது.

"தப்பு என் மேலதான்" என்றார் மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்து.

"தலையை ஆட்டாதீங்க" என்றார் மச்சினர். அவர் மூக்கை உறிஞ்சுவது எல்லாருக்கும் கேட்டது.

திரும்பும்போது வண்டியில் ஒரு ஆள் கூடியிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு மச்சினரும் சாப்பிடக் கிளம்பிவிட்டார். பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு ஒரே கூச்சல். லிஃப்ட் மெக்கானிக் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டிருந்தார். மாஸ்டர் மட்டும் பேசவில்லை, ஊதவும் இல்லை. புதிதாக வெட்டிய தலையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஏதாவது உடம்புக்கு ஆகவில்லையோ என்று சீட் அக்காவுக்குக் கவலையாகிவிட்டது.

"ஏம்மா, இந்த ரோட்டுல எத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன் தெரியுமா?" என்றார் அவர் கடைசியில். "கண்ணு நல்லா இருந்த காலத்துல ஒரு நாள்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. முன்னாடி போற வண்டியோட பின்பக்கத்தைத்தான் பாத்தேன். இப்ப மங்கலாத்தான் தெரியுது. ஆனா எவ்வளவு பெரிசா இருக்கு, கடல்!"

சீட் அக்கா கடலைப் பார்க்கவில்லை. அவள் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுவே அத்தனை சந்தோஷமாக இருந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை மாஸ்டரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் இறங்கிப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, கூரையிலிருந்து சக்கரம் வரை வண்டியைப் பொறுமையாகக் குளிப்பாட்டினார். பிறகு குழாயை அவள் கையில் கொடுத்தார்.

"அடிப்பக்கம் நீ ஊத்து. இனிமே உன் வேலைதானே."

"விக்கறதில்லன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அப்ப நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை வந்து எங்களை ஒரு சுத்து கூட்டிட்டுப் போ. ரவுண்டானா மட்டும் ஒரு சுத்து போதும்."

சீட் அக்கா குழாயைப் பிடித்தபடி அழுதாள். தண்ணீர் புருஷன் செருப்பில் கொட்டியதை அவள் கவனிக்கவில்லை, அவரும் நகரவில்லை. படியில் உட்கார்ந்திருந்த தரகர் எழுந்து, தான் இனி மீன் விற்க வேண்டியதில்லை என்று எல்லாரிடமும் சொன்னார்.

மறுநாள் காலை அவள் பல் துலக்கி முடிக்கும் முன்பே போன் அடித்தது. மாஸ்டரம்மா.

"ஏம்மா, விசிலை மறுபடியும் காணோமாம். வீட்டையே புரட்டிப் போட்டாச்சு. நேத்து என் தம்பி இங்க சாப்பிட்டுட்டுப் போனானே, அவன் மேலதான் சந்தேகம்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கார்!"

சீட் அக்கா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடினாள். பக்கத்து சீட்டில் கையை நுழைத்தாள். மேல் இடுக்கில் இல்லை. கம்பிக்குப் பின்னால் விரலை வளைத்தாள். ஜில்லென்றது.

குற்றவாளி மாஸ்டரின் ஆழமில்லாத பாக்கெட்தான் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. தையல் பையிலிருந்து தடித்த ஊசியும் ரெக்ஸின் தைக்கிற நூலும் எடுத்துக்கொண்டாள். மனுஷன் இன்றைக்கு உடுப்பைக் கழற்றிக் கொடுத்தாலும் சரி, போட்டுக்கொண்டே நின்றாலும் சரி, அதை ஆழமாகத் தைத்துவிட்டுத்தான் திரும்புவது. புருஷன் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்தில் மாஸ்டர் இல்லை. கிளட்சுக்கு ஊத ஆளில்லை.

"நானே வர்றேன், வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் முறையாகத் தன் வண்டியில் தனியாகக் கிளம்பினாள்.

கடற்கரை ரோட்டு சிக்னலில் பச்சை விழுந்தபோது வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, லாரி அடித்தது, ஒரு சைக்கிள்காரர்கூட மணியடித்தார். சீட் அக்கா குனிந்து கிளட்சைத் தேடினாள். அப்போது மடியில் கிடந்த விசில் கண்ணில் பட்டது. முந்தானையில் துடைத்து வாயில் வைத்து, மாஸ்டர் ஊதுகிற மாதிரியே நீளமாக ஒரு ஊது ஊதினாள்.

ஹாரன்கள் அத்தனையும் கப்பென்று அடங்கின. அந்த விசிலுக்குப் பணிந்து நீச்சல் கற்றுக்கொண்ட ஊர் அல்லவா? அவள் நிதானமாகச் சாவியைத் திருப்பி, கிளட்சை முழுதாக மிதித்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.